தாயத்து எங்கே?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதற்கு எதற்குக் கை கழுவ வேண்டும் என்று என் மகள் கேட்கிறாள். ஓய்வு பெற்ற பிறகும் எந்த வேலையைத் தொடங்கினாலும் கால் தானாகக் குழாயடிக்குப் போய்விடுகிறது. கழுவினோமா என்ற சந்தேகம் வந்து இரண்டாம் தடவையும் போகிறது.

எழுத வைத்தது ஒரு போன். நான் கடைசியாக வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இப்போது இருக்கும் பெண் கூப்பிட்டாள்.

"மேடம், ரெண்டு மாசக் குழந்தை. மெஷின்ல வெள்ளையணு எக்கச்சக்கமா காட்டுது. மெஷின் கோளாறா இருக்குமோ? திரும்ப ஓட்டவா?"

"திரும்ப ஓட்டு. அதுக்குள்ள அந்த அம்மாகிட்ட, பிள்ளையோட தாயத்து எங்கேன்னு கேளு."

"விளையாடாதீங்க மேடம்" என்று சிரித்தாள்.

நான் விளையாடவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தேன். முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முறை என்றால் யாரும் வேறு மாப்பிள்ளை தேடமாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடித்தனம். மகள் பிறந்து, அவள் தவழத் தொடங்கிய சமயத்தில் இராஜபாளையத்தில் ஒரு அலர்ஜி கிளினிக்கில் வேலை கிடைத்தது. பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். போன பிறகு, வந்திருக்கக் கூடாதோ என்று ஒரு வருஷம் யோசித்தேன். ஆனாலும் ஒரு நாள்கூட பஸ்ஸைத் தவற விட்டதில்லை.

கிளினிக் டாக்டர் சௌரிராஜனுடையது. ஊரில் அவரை 'இளைப்பு டாக்டர்' என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், நெற்றியில் எப்போதும் ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் ஒரு பேனாவும் ஒரு பென்சிலும். நோயாளி உட்காரும்வரை அவர் உட்காரமாட்டார். பஞ்சாலையில் தூசி வாரும் ஆளாக இருந்தாலும் சரி, அந்த ஆலையின் முதலாளியாக இருந்தாலும் சரி, அதே மரியாதைதான்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பற்றி நான் எது சொன்னாலும், "பாத்தியா, கேட்டியா?" என்பார். கேட்டது என்றால் கேஸ் தாளில் பென்சிலால் எழுதுவார். நாங்களே கண்ணால் பார்த்தது என்றால் பேனாவால் எழுதுவார். இளைப்பு இரவில் அதிகம் என்று நோயாளி சொன்னால் பென்சில். இளைப்பை அவரே காதுக்குழாய் வைத்துப் பார்த்திருந்தால் பேனா. முதல் மாதம் எனக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. பிறகு வீட்டில் மளிகைச் சாமான் எழுதும்போதே, புளி இருக்கிறது என்று நான் பார்த்தேனா, வீட்டில் யாராவது சொன்னார்களா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் தினசரி வேலை தோல் பரிசோதனை. முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு விடுவோம். பஞ்சுத் தூசி, வீட்டுத் தூசி, கரப்பான், சீமைக்கருவேல மகரந்தம், பூஞ்சை. சொட்டின் மேல் ஊசி நுனியால் தோலை லேசாக நெம்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒவ்வாத இடம் கொசு கடித்த மாதிரித் தடிக்கும். கடைசியில் இரண்டு சொட்டுகள் தனி. ஒன்று வெறும் உப்புத் தண்ணீர். அது தடிக்கக் கூடாது. மற்றொன்று அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின், அது எவருக்கும் தடித்தே ஆக வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம்.

ஒரு தடவை ஒரு பஞ்சாலைத் தொழிலாளிக்கு எதுவுமே தடிக்கவில்லை. ஹிஸ்டமினும் தடிக்கவில்லை. மருந்து கெட்டுவிட்டதா, நான் ஊசியைச் சரியாக வைக்கவில்லையா என்று எனக்குச் சந்தேகம். அடுத்த கையில் மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை. டாக்டர் வந்து பார்த்தார். அவர் கையைப் பார்க்கவில்லை, ஆளின் முகத்தைப் பார்த்தார்.

"மாத்திரை ஏதும் போட்டீங்களா?"

"நேத்து ஒண்ணு, காலையில ஒண்ணு போட்டேன்யா. அரிப்பு மாத்திரை."

"போடக் கூடாதுன்னு சொல்லலையா?"

"சொன்னாக. ஆனா டெஸ்ட்டுல பெயிலாயிட்டா மில்லுல சீட்டைக் கிழிச்சிருவான்லா? பாஸாயிரணும்னுதான்…"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "போயிட்டு அடுத்த வாரம் பெயிலாக வாங்க" என்று அனுப்பினார். பிறகு என்னிடம், "அவர் பொய் சொல்லலை. நாமதான் அவருக்கு என்ன பயம்னு கேக்கலை" என்றார்.

இதற்கு நடுவில் அவருடைய ஆராய்ச்சி. மொட்டை மாடியில் ஒரு கம்பியில் வாஸ்லின் தடவிய கண்ணாடித் துண்டை மாட்டி வைப்போம். காற்றில் வருவதெல்லாம் அதில் ஒட்டும். காலையில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எண்ணுவது என் வேலை. இன்னொரு துண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மாடியில். ஆலை ஊருக்கும் கோயில் ஊருக்கும் காற்று எப்படி வேறுபடுகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க டாக்டரு காத்தைப் பிடிச்சு என்ன செய்யப்போறாரு?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

இந்தக் காற்றுக்கும் தூசிக்கும் நடுவில்தான் செல்லக்கனியின் பிள்ளை வந்தான்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை எறியமாட்டார்கள். வெள்ளித் தாயத்துக்குள் வைத்து அடைத்து, அரைஞாண் கயிறு கட்டும் முப்பதாம் நாளில் அதில் கோத்து இடுப்பில் கட்டுவார்கள். அந்த வெள்ளியில் மட்ட உலோகம் கலந்திருந்தால் சில குழந்தைகளுக்கு இடுப்பில் சிவந்து புண்ணாகும். அதுவும் அலர்ஜிதான். அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி வருவார்கள். தாயத்தைக் கழற்றி வாங்கி, அதையே ஒரு பிளாஸ்திரியில் வைத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்போம். அங்கும் சிவந்தால் தாயத்துதான் குற்றவாளி.

செல்லக்கனி சுந்தரபாண்டியத்துக்காரி. புருஷன் மாரிச்சாமி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. பிள்ளைக்கு மூன்று மாதம். இடுப்பும் தொப்புளைச் சுற்றியும் சிவந்து கன்றிப்போய் இருந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல். தாயத்து அலர்ஜியாக இருக்கலாம், பார்க்கவும் என்று உள்ளூர் டாக்டர் ஒருவர் அனுப்பியிருந்தார். இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும் இருந்தது.

"தாயத்து எங்கம்மா?" என்றார் டாக்டர்.

"கழட்டி வச்சிருக்குய்யா."

"அடுத்த தடவை கொண்டாங்க. கொடி எப்ப விழுந்துது?"

"எல்லாப் பிள்ளைக்கும் போலத்தான். ஏழாம் நாளு."

"இவன் முதல் பிள்ளையா?"

அவள் பிள்ளையின் கால் விரலைப் பிடித்துக்கொண்டாள். "மூணாவது. முத ரெண்டும் தங்கலை. ரெண்டும் ஆம்பளப் பிள்ளை." அந்த விரலை விடாமலே, "இவன் தங்குவான்லாய்யா?" என்றாள்.

டாக்டர் பார்க்காததைச் சொல்லமாட்டார். பென்சிலை எடுத்து 'ஏழாம் நாள்' என்று எழுதினார்.

காய்ச்சல் இருந்ததால் ரத்தம் எடுத்தேன். அன்று மெஷின் கிடையாது. பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை உறிஞ்சி, மருந்து நீரில் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொரு கட்டமாக வெள்ளையணுவை எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே போனேன். கட்டம் தீர்ந்த பாடில்லை. குழந்தைகளுக்குக் காய்ச்சலில் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியும். அதைப் போல் பல மடங்கு இருந்தது. கலந்ததில் பிசகியிருப்பேன் என்று கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். அதே. புதிதாகக் குத்தி எடுத்துச் செய்தேன். அதே. ரத்தப் புற்றோ என்று பயந்து கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். அணுக்கள் எல்லாம் முற்றிய, ஒழுங்கான அணுக்கள். கூட்டம் மட்டும்தான் அதிகம்.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் செத்த நேரம் எடுக்கவே இல்லை. பிறகு பிள்ளையிடம் போய் புண்ணை மறுபடி பார்த்தார்.

"விஜயா, இதுல என்ன இல்ல?"

சிவப்பு இருந்தது, வீக்கம் இருந்தது. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். "சீழ் இல்ல சார்." சீழ் என்பதே கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளையணுக்கள்தான்.

புண்ணில் ஒரு கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்துக் கொடுத்தார். சாயம் போட்டுப் பார்த்தேன். கிருமிகள் இருந்தன. வெள்ளையணு தேடித் தேடி ஒன்றிரண்டு. ரத்தத்தில் திருவிழாக் கூட்டம், புண்ணில் ஆளே இல்லை.

சாயங்காலம் அவர் பீரோவிலிருந்து பழைய மருத்துவ இதழ்களை இறக்கிப் போட்டுப் படித்தார். மறுநாள் சொன்னார்: "இப்படி ஒரு பிறவிக் குறை இருக்கு. வெள்ளையணு ரத்தக் குழாய்ச் சுவர்ல ஒட்டி நின்னாத்தான் புண்ணுக்குள்ள இறங்க முடியும். ஒட்டுற பசை இல்லேன்னா ஓடிக்கிட்டே இருக்கும். கொடி காய்ஞ்சு அறுந்து விழறதுக்கும் அதே அணுக்கள்தான் வேலை செய்யணும். அதனால இந்தப் பிள்ளைகளுக்குக் கொடி லேசில விழாது. வாரக் கணக்கா நிக்கும்." கேஸ் தாளைத் திருப்பினார். "ஆனா இவனுக்கு ஏழாம் நாள் விழுந்துடுச்சு."

அந்த ஒரு பென்சில் வரி எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டு நின்றது. அந்தக் குறை என்றால் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் போக வேண்டும்; சின்னக் கீறலுக்கும் உடனே மருந்து, வாழ்நாள் முழுக்கக் காவல். அது இல்லையென்றால் சாதாரணக் கிருமி; மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். தவறாக அனுப்பினால் மூன்றாவது பிள்ளையும் போய்விடும். மருந்தைத் தொடங்கிவிட்டு, செல்லக்கனியை மறுபடி மறுபடி வரச் சொன்னோம். வரும்போதெல்லாம் தாயத்து வரவில்லை. ஒரு நாள் மறந்துவிட்டது. ஒரு நாள் பெட்டிச் சாவி அத்தையிடம். ஒரு நாள் அவளுடைய அம்மா வீட்டில் கிடக்கிறது.

ஒரு சாயங்காலம் என் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவள் நழுவித் திரும்பும்போதெல்லாம் இடுப்புத் தாயத்து செம்பில் 'டங் டங்' என்று இடித்தது. சோப்புத் தண்ணீர் உள்ளே போய்விடுமோ என்று அதன் மூடியை அழுத்திப் பார்த்தேன். உள்ளே இருந்தது அவளுடைய கொடி. நானே வைத்து அடைத்தது. எது காணாமல் போனாலும் எந்தத் தாயும் இதை மறக்கமாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. பிள்ளை தங்குவானா என்று கேட்கிறவள், தாயத்தை அம்மா வீட்டில் போட்டுவிட்டு வருவாளா? பஞ்சாலைத் தொழிலாளி மாத்திரை போட்டுக்கொண்டு வந்த ஞாபகம் வந்தது. இவளுக்கு என்ன பயம் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

போகலாமா என்று இரண்டு மனசாக இருந்தது. கிளினிக்கில் வேலை பார்க்கிறவள் நோயாளி வீட்டுக்குப் போவது முறையா? நான் நினைப்பது தப்பாக இருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். "தாயத்து நமக்கு டெஸ்ட்டுக்கு வேணும். வாங்கிட்டு வா. கேக்காதே, பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரபாண்டியம் போனேன். செல்லக்கனியின் மாமியார் பேச்சியம்மா வாசலில் பருத்திக் காயிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் என்றாலும் செல்லக்கனிக்கு அவர் சொந்த அத்தை, அப்பாவின் தங்கச்சி.

"யாரு தாயி?"

"இராஜபாளையம் ஆஸ்பத்திரியிலருந்து வாரேன் பெரியம்மா. பிள்ளை தாயத்தை வாங்கிட்டுப் போகணும்."

"தாயத்தா?" அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி, எங்க அண்ணன் வீட்டுல கிடக்குன்ன? வாரம் மூணாச்சு, போய் எடுத்தாரலையா? வெள்ளி தேய்ஞ்சா போயிரும்?"

செல்லக்கனி நிலைப்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில், ஏன் வந்தாய் என்பது இருந்தது. வந்திருக்கக் கூடாதோ என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் உள்ளே பிள்ளை அழுத குரல் ஈனமாகக் கேட்டது. நான் அசையாமல் நின்றேன்.

"செல்லக்கனி, நான் உன்னைக் குத்தம் சொல்ல வரலை. எனக்கு அந்தத் தாயத்தை ஒரு தடவை காட்டு. போதும்."

அவள் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். துணிக்கு அடியிலிருந்து தாயத்தை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். புதுக்கருக்கு அழியாத வெள்ளி. மூடி மெழுகு வைத்து அடைக்கப்படவே இல்லை. திறந்தேன். காலி.

பேச்சியம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "கொடி எங்கட்டி?"

"விழலை அத்தே."

"என்னது?"

"ஏழாம் நாளு விழுந்துட்டுன்னு பொய் சொன்னேன். முப்பது கழிஞ்சும் ஒட்டிக்கிட்டுதான் கிடந்துச்சு. பொறவு ஒருநாள் அதுவா விழுந்துச்சு. பயந்துபோய் மண்ணுல புதைச்சிட்டேன். விழலேன்னு சொன்னா நீங்க எங்க அம்மா வீட்டுக்குப் பஸ்ஸேறி வந்து…" அவள் முடிக்கவில்லை.

பேச்சியம்மா மடியிலிருந்த பஞ்சு கீழே கொட்டியதுகூடத் தெரியாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"வந்து அறுத்துருவேன்னு பயந்திருக்கா தாயி. ரெண்டாமத்தவனுக்கு நான்தான் அறுத்தேன். முப்பதாம் நாளு ஆசாரி தாயத்தைக் கொண்டாந்து வச்சிட்டாரு. சாதி சனம் பூரா வந்து பந்தியில உக்காந்தாச்சு. கொடி விழல. பிள்ளைபெத்தவ பத்தியம் இருக்கலேன்னு ஆளாளுக்கு இவளை ஏசுதாளுக. காலித் தாயத்தைக் கட்டுனா பிள்ளைக்கு ஆகாதும்பாக. நூலைக் கட்டி, நான்தான்… அவனுக்கு அதுலருந்தே காய்ச்ச. போயிட்டான்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ ஆஸ்பத்திரிக்காரி. சொல்லு. நான் அறுத்துத்தான் செத்தானா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அந்த அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லிப் பழக்கமும் போய்விட்டிருந்தது.

"எனக்குத் தெரியலை பெரியம்மா. நாளைக்கு நீங்களும் வாங்க. ஐயாகிட்டக் கேப்போம்."

"வாரேன்" என்றார். யோசிக்கவே இல்லை.

மறுநாள் மாரிச்சாமியும் லீவு போட்டு வந்தான். டாக்டர் வழக்கம்போல எல்லாரும் உட்காரும்வரை நின்றார். நான் தாயத்தை மேஜையில் வைத்தேன்.

"பாத்தியா, கேட்டியா?"

"காலியா இருந்ததைப் பாத்தேன் சார். முப்பது நாளுக்கு மேல நின்னதைக் கேட்டேன்."

ரப்பரால் 'ஏழாம் நாள்' என்பதை அழித்துவிட்டு, தாயத்து காலி என்று பேனாவால் எழுதினார். எழுதி முடிக்கும்வரை பேச்சியம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டார்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"அந்தப் பிள்ளையை நான் பாக்கலைம்மா. பாக்காததுக்கு என்னால சாட்சி சொல்ல முடியாது. ஆனா முதல் பிள்ளைக்கு நீங்க அறுத்தீங்களா?"

"இல்லய்யா. அவன் முப்பதுக்கு முன்னயே போயிட்டான்."

"இந்தப் பிள்ளைக்கு அறுத்தீங்களா?"

"இல்ல."

"இவனுக்கும் புண் ஆறலை. இதை நான் பாத்தேன். நீங்க கையே வைக்காத பிள்ளைக்கும் இந்தக் குறை இருக்கு. அது உங்க கையிலருந்து வந்ததில்ல. கொடி விழாதது உங்க மருமக பத்தியத்தாலயும் வந்ததில்ல."

பேச்சியம்மா அழவில்லை. செல்லக்கனியின் மடியிலிருந்த பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப இவனை என்ன செய்யணும்? சொல்லுங்க. இனி நான் ஒண்ணும் யோசிக்க மாட்டேன். சொன்னதைச் செய்வேன்."

டாக்டர் அவர்களுக்குப் புரியும்படி நோயைச் சொன்னார். "டவுன் பஸ் நினைச்சுக்கோங்க. உள்ள ஆள் நெருக்கித் தள்ளுது. ஆனா இறங்க வேண்டிய ஸ்டாப்புல பஸ் நிக்கலை. இவன் ரத்தத்துல அதான் நடக்குது."

"எங்க ஊருக்கு வார பஸ்ஸு எப்பவுமே அப்படித்தான்யா" என்றான் மாரிச்சாமி. அந்த நிலைமையிலும் எல்லாரும் சிரித்தோம்.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றியும் சொன்னார். புருஷனிடமும் பெண்டாட்டியிடமும் ஒரே குறை பாதி பாதியாக ஒளிந்திருந்திருக்கிறது. ஒரே தாத்தா வீட்டிலிருந்து வந்தது. இரண்டு பாதியும் சேர்ந்த பிள்ளைக்கு நோய். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு கேட்டே விட்டேன்.

"சார், நானும் தாய்மாமாவைத்தான் கட்டியிருக்கேன். என் பிள்ளைக்கு…?"

"உன் பிள்ளைக்குக் கொடி எப்ப விழுந்துது?"

"ஆறாம் நாள் சார்."

"பாத்தியா?"

"நானே எடுத்துத் தாயத்துல வச்சேன் சார்."

"அப்புறம் ஏன் பென்சில் மாதிரிப் பேசறே?" என்றார். அன்று வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஆனாலும் அவளுக்கு முழங்கால் சிராய்த்த ஒவ்வொரு தடவையும் சீழ் கட்டுகிறதா என்று பார்க்காமல் விட்டதில்லை. கட்டினால் சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து முடிவு வர மாதங்கள் ஆயின. டாக்டர் நினைத்ததுதான். ஆனால் பசை அடியோடு இல்லாமல் இல்லை, கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் செல்லக்கனியின் பிள்ளை முத்துராசுவை வளர்த்தோம். 'வளர்த்தோம்' என்று எழுதலாமா என்று தயங்கினேன், இருக்கட்டும். காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது. செருப்பில்லாமல் தெருவில் இறங்கக் கூடாது. ஈறு வீங்கினால் உடனே வர வேண்டும். தோலைத் துளைக்கிற, கீறுகிற எதுவும் எங்களைக் கேட்காமல் கூடாது. இரண்டு தடவை உயிர் போய்த் திரும்பியது போல ஆஸ்பத்திரியில் கிடந்தான். பேச்சியம்மா எங்கள் சட்டங்களை எங்களைவிடக் கண்டிப்பாக நடத்தினார். பிள்ளையைத் தூக்க வருகிறவர்களிடம், "மொதல்ல போய்க் கையைக் கழுவு" என்பார். ஊரில் அவருக்கு 'சோப்பு பேச்சி' என்று பேரே வந்துவிட்டது.

முடி இறக்கும்போது கத்தி படாமல், கத்தரியால் நுனியை மட்டும் நறுக்கும் பூமுடி எடுத்துச் சமாளித்தார்கள். காதுகுத்துக்குத்தான் மாற்றே கிடையாது. தள்ளித் தள்ளிப் போட்டு, பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வந்ததும், இனிமேலும் தள்ளினால் குலதெய்வக் குற்றம் என்று செல்லக்கனியின் தம்பி கிளம்பிவிட்டான். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்துவது முறை. அவனுக்கு அது கௌரவப் பிரச்சினை. "குத்தக் கூடாது" என்றார் டாக்டர். என்னிடம் மட்டும், "நீ போய்ட்டு வா" என்றார்.

பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் அவர்கள் கோயில். கிடா வெட்டி, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாமன் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மருமகனை மடியில் வைத்திருந்தான். ஆசாரி ஊசியையும் கம்மலையும் வெற்றிலையில் எடுத்து வைத்தார். என் பையில் மருந்தும் பஞ்சும் இருந்தன. அவை போதாது என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணே, குத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன்.

"ஒரு பொட்டு ரத்தம்மா" என்றார் ஆசாரி. "இந்தக் கோயில்ல எம்புட்டுக் காது குத்தியிருக்கேன்."

"குத்தாத காதுக்கு எதுக்குலே கறிச்சோறு?" என்று பந்திப் பக்கமிருந்து ஒரு குரல். "பய ஊசிக்கே பயந்தா நாளைக்குப் பொண்ணு யாரு குடுப்பா?"

செல்லக்கனி பிள்ளையைப் பிடுங்கப் போனாள். தம்பி விடவில்லை. "எக்கா, ஊரு முன்னால என்னைத் தலைகுனிய வைக்காத." ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார். நான் நடுவில் போய் நிற்கலாமா, அந்நியப் பெண் நின்றால் சண்டை பெரிதாகுமா என்று யோசித்துக்கொண்டே போய் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் இன்னொரு ஆள் வந்து நின்றது.

"ஆசாரி, ஊசியைப் பெட்டியில வையும்" என்றார் பேச்சியம்மா. கோயில் முழுக்கக் கேட்டது. "பந்தியில ஆளு உக்காந்துட்டுன்னு பயந்து அன்னைக்கு நான் அறுத்தேன். இன்னைக்குப் பந்தியில ஆளு உக்காந்துட்டுன்னு நீங்க குத்தணுமா? அன்னைக்கு வந்து சாப்பிட்டவன் எவனும் குழி தோண்ட வரலை. எம் பேரன் காதுல எவன் ஊசி வச்சாலும் அந்த ஊசிய அவன் கண்ணுல வச்சிருவேன். கறி வெந்திருக்கு. திங்கிறவன் தின்னுங்க."

மாமன் தலையைக் குனிந்துகொண்டான். ஆசாரிதான் வழி கண்டுபிடித்தார். ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சிவப்பு நூலை எடுத்தார். கம்மலை அதில் கோத்தார். பிள்ளையின் காதைச் சுற்றி நூலை வளையமாக மாட்டினார். கம்மல் காது மடலில் தொங்கியது. சந்தனம் தொட்டு வைத்தார். அடுத்த காதுக்கும் அப்படியே. "சாமி கம்மலைத்தான் பாக்கும். ஓட்டையவா பாக்கும்?" என்றார்.

முத்துராசு இரண்டு காதையும் தடவிப் பார்த்தான். "அம்புட்டுதானா? அழுதா மிட்டாய் தாரேன்னியே மாமா!" என்று அதற்குத்தான் அழ ஆரம்பித்தான். மாமன் முகம் அப்போதுதான் தெளிந்தது. தூக்கிக்கொண்டு மிட்டாய்க் கடைக்கு ஓடினான்.

மறுநாள் காலையில் மாடியிலிருந்து கண்ணாடித் துண்டை இறக்கிக்கொண்டு வந்தேன். டாக்டர் முத்துராசுவின் கேஸ் தாளைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கையில் பென்சில்.

"குத்தலை சார்" என்றேன்.

"பாத்தியா, கேட்டியா?"

"பக்கத்துல நின்னு பாத்தேன் சார். ரெண்டு காதும்."

பென்சிலைப் பையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.